கட்டு தூக்குற மெஷின்

வாங்க சார், வாங்க. செருப்பக் கழட்ட வேணாம், இது கொட்டகைதானே. அறந்தாங்கியிலேருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா ஸ்டாப்புக்கு வண்டி எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்ல. சரி விடுங்க. போன்ல பேசுன வைரக்கண்ணு நான்தான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தார்ப்பாய எடுத்துப்புடறேன். தூசி பறக்கும்.

பாத்தீங்களா? பெயிண்ட்டு கூடப் போகல. ஒரு அறுப்புப் பட்டம்கூட முழுசா ஓடல இது. தொட்டுப் பாருங்க, இரும்பு என்னா கனம். இப்ப வர்ற மெஷின்ல இந்தக் கனத்துல தகடு போட மாட்டான்.

வேலை என்னன்னு சொல்லிப்புடறேன். முன்னாடி ரெண்டு கை அகட்டுன மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குதுல்ல, வயல்ல கெடக்குற வைக்கோல் கட்டு அதுக்குள்ள வந்து நுழையும். இந்தா, இந்தச் சக்கரம் தரையில உருளும். அது உருள உருள செயின் மேல ஏறும். செயின்ல முள்ளு இருக்குதா? அது கட்டக் கவ்வி மேல தூக்கிக்கிட்டுப் போயி டிரெய்லர்ல தள்ளிவிட்டுடும். தனியா இன்ஜின் கெடையாது. டிரெய்லர் பக்கத்துல மாட்டி டிராக்டர்ல இழுத்துக்கிட்டுப் போனா போதும், அது பாட்டுக்கு ஏத்திக்கிட்டே வரும். ஆளே வேணாம்.

அப்புறம் ஏன் விக்கிறேன்னு கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. வந்தவங்க எல்லாம் கேட்டுட்டுத்தான் போனாங்க. மெஷின்ல குத்தமே இல்ல சார். மனுசங்கதான் சரியில்ல. உக்காருங்க, அந்த மூட்டை மேல உக்காருங்க. சொல்றேன். நீங்களும் மாட்டுப்பண்ணை வச்சிருக்கறவரு, வைக்கோல் விவகாரம் உங்களுக்குச் சொன்னா புரியும்.

எனக்கு ஒரு தம்பி, தில்லைக்கண்ணு. அவன்தான் மொதல்ல கட்டு மெஷின் வாங்குனான். சதுரக் கட்டு போடுற மெஷின். இந்தப் பக்கம் எல்லாரும் உருளைக் கட்டுதான் போடுறாங்க. அது லாரியில அடுக்குனா பாதி எடம் காத்தாப் போவும். சதுரம்னா செங்கல் அடுக்குற மாதிரி அடுக்கிக்கிட்டே போவலாம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணைக்காரரு, எத்தனை கட்டு போட்டாலும் எனக்கே குடுத்துருன்னு சொல்லிட்டாரு. ஒரே ஒரு நிபந்தனைதான், கட்டு நனையக் கூடாது. நனைஞ்சா பூசணம் பூத்துரும், மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். உங்களுக்குத் தெரியாததா.

நான் அப்ப சவூதியிலேருந்து வந்த புதுசு. தம்மாம்ல ஒரு பெரிய குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனேன் சார். வயசெல்லாம் அதுலதான் போச்சு. ரெண்டு பனைமரம் உசரத்துக்கு ரேக்கு இருக்கும், அதுல கொண்டுபோயி சாமானை வைக்கணும், ஒரு விரக்கடை நவுறக் கூடாது. அப்படி வேலை பாத்தவன். வந்தவுடனே தம்பி சொன்னான், "அண்ணே, நான் கட்டிப் போட்டுடறேன், வயல்லேருந்து அள்ளி ரோட்டுக்குக் கொண்டாந்து லாரியில ஏத்துறத நீ பாத்துக்க." சரின்னேன். இதென்ன பெரிய வேலைன்னு நெனச்சேன்.

வேலை பெரிசுதான். அறுப்பு மெஷின் போனதும் வைக்கோல் காயணும், காஞ்சதும் தம்பி கட்டிப் போட்டுடுவான். கட்டு வயல் பூரா அங்கொண்ணும் இஞ்சொண்ணுமா கெடக்கும். மழை வர்றதுக்குள்ள அள்ளணும். அள்ளுறதுக்கு எங்க தெருப் பொம்பளைங்க வருவாங்க. ஆளுக்கொரு இரும்புக் கொக்கி. கட்டுல மாட்டி, இழுத்து, தொடையில முட்டுக் குடுத்து, டிரெய்லர்ல தூக்கிப் போடணும். எங்கிட்ட இருந்தது மண்ணு அடிக்கிற டிப்பரு. அதோட தட்டு நம்ம நெஞ்சு உசரம். அடுக்கு ஏற ஏற தலைக்கு மேல தூக்கணும்.

எங்க வீட்டுப் பொம்பளையும் அந்தக் கூட்டத்துலதான் இருந்தா. தையல்நாயகின்னு பேரு. நான் வெளிநாட்டுல இருந்தப்பவே அவ இந்த வேலைக்குப் போயிக்கிட்டுதான் இருந்தா. நான் போவாதன்னு சொல்லல. அவளுக்கும் பொழுது போவணும்ல.

நான் வந்ததும் சொன்னா, "தோள்பட்டை விட்டுப் போவுதுங்க. உங்க டிப்பரு தலைக்கு மேல நிக்குது. தாழ்வா ஒரு வண்டி பண்ணிக் குடுங்க." எவ்வளவு தாழ்வுன்னு கேட்டேன். எந்திரிச்சு நின்னு, முட்டிக்கு மேல கைய வச்சுக் காட்டுனா. "இம்புட்டுதான். இதுக்கு மேல வேணாம். தூக்கவே வேணாம், தள்ளிவிட்டாப் போதும். பக்கத் தட்டும் வேணாம், சும்மா பலகை மாதிரி இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நீங்களே சொல்லுங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனவன், முட்டி உசரத்துக்கு ஒரு பலகையைச் சக்கரத்துல கட்டி இழுத்துக்கிட்டு ஊருக்குள்ள போவனா? கல்யாணத்துக்குச் சாமான் ஏத்துற தள்ளுவண்டி மாதிரி? "சவூதியில பாத்தீங்கன்னா"ன்னு நான் ஆரம்பிச்சா, அவ எந்திரிச்சுத் தட்டைக் கழுவப் போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான். முழுசாக் கேக்கவே மாட்டா.

தம்பி ஒரு யோசனை சொன்னான், மினி லாரிய நேரா வயல்ல எறக்கிடலாம்னு. எங்க மண்ணு களிமண்ணு சார், எறங்குன லாரி ஏறாது. அத நான் அன்னைக்கே சொல்லிட்டேன். மண்ணப் பத்தி எனக்குத் தெரியாம இல்ல, அத ஞாபகம் வச்சுக்கங்க.

அப்பதான் கோயமுத்தூர்ல விவசாய மெஷின் கண்காட்சி. போனேன். ஒரு ஸ்டால்ல பெரிய டிவி வச்சு வீடியோ ஓடிக்கிட்டு இருக்குது. ஏதோ வெளிநாடு. வயலு கண்ணுக்கு எட்டுன தூரம் பாய் விரிச்ச மாதிரி. ஒரே ஒரு வெள்ளைக்காரன், டிராக்டர்ல உக்காந்துகிட்டுப் பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போறான். கட்டு ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஏறுது, எறங்குது. ஒரு ஆள் கெடையாது. மத்தியானம் வரைக்கும் நின்னு பாத்தேன் சார், சாப்புடக் கூடப் போவல. அந்த சேல்ஸ் பையன் சேர் எடுத்துப் போட்டு, "நீங்க ஃபீல்டுல இருந்தவரு, பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டீங்க"ன்னான். அவனுக்குத் தெரிஞ்சது வீட்டுல இருக்கறவளுக்குத் தெரியல.

வந்து சொன்னேன். போன்ல புடிச்சாந்த வீடியோவை அவ பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் கேட்டா, "இதுல வரப்பே காணமே?"

"வரப்பு வந்தா ஏறிடும்."

"கட்டெல்லாம் நேரா வரிசையா கெடக்குது. நம்ம வயல்ல அப்படியா கெடக்கும்?"

"ஒருத்தர் முன்னாடி நடந்துபோயி நேராக்கி விட்டுட்டாப் போச்சு."

"அந்த ஒருத்தர் யாரு?"

வேணும்னே கேக்குற கேள்வி. போனை வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

மெஷினுக்காகக் கறவை மாடு ரெண்டையும் வித்தேன். அவ வளத்த மாடுதான், இல்லைங்கல. அவ கன்னுக்குட்டியா வாங்குனது. ஆனா மெஷின் யாருக்காக வாங்குனேன்? அவ தோள்பட்டைக்காகத்தானே? தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னவளுக்கு, தூக்கவே தேவையில்லாம ஒரு மெஷினு. எந்தப் புருசன் செய்வான்? மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறப்ப அவ கொல்லையில நின்னா. வாசப்பக்கம் வரல. வாங்கிட்டுப் போன வியாபாரி நல்ல மனுசன், "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன், கூப்புடுங்க"ன்னான். வரமாட்டேன்னுட்டா.

மெஷின் வந்து எறங்குன அன்னைக்கு ஊரே வந்து பாத்துச்சு. எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் கொளுத்தி, மொதல்ல பள்ளிக்கூடத்து மைதானத்துல கட்டப் போட்டு ஓட்டிக் காட்டுனேன். சார், அந்த வீடியோவுல வந்த மாதிரியே ஏறுச்சு! பசங்க எல்லாம் போன்ல படம் எடுத்தாங்க. வேலைக்கு வர்ற பொம்பளைங்களும் நின்னாங்க. அவங்ககிட்ட நான் மரியாதையாத்தான் சொன்னேன், "இனிமே உங்களுக்குச் செரமம் இல்ல, ஆளு வேணாம்"னு. அதுல ஒருத்தி, அம்சவல்லின்னு, கூட்டத்துக்குப் பெரியவ, கொக்கியச் சேலையில தொடச்சு இடுப்புல சொருவிக்கிட்டு, "சரி அண்ணே, நல்லாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அந்த வாரமே பக்கத்தூர்ல வேற ஆளுக்கு அள்ளப் போயிட்டாங்க எல்லாரும். விசுவாசம்னு ஒண்ணு இருக்குதா பாருங்க.

வயல்ல எறக்குனேன். ஆரம்பத்துலேருந்தே தம்பி பண்ணுன கோளாறு. அவன் கட்டப் போடுறது ஒரு ஒழுங்கு கெடையாது. ஒண்ணு குறுக்கால, ஒண்ணு சாச்சு, ஒண்ணு வரப்போரமா ஒட்டிக்கிட்டு. "நேராப் போடுறா"ன்னா, "அண்ணே, வயலு கோணலா இருந்தா நான் என்ன பண்ணுவேன்"ங்கறான். அதனால முன்னாடி ஒருத்தர் நடந்து நேராக்கணும். டிரெய்லர் மேல ஒருத்தர் நின்னு அடுக்கணும், இல்லாட்டி மெஷின் தள்ளுறது ஒரே எடத்துல குவியும். ஆளுங்களத்தான் அனுப்பியாச்சே. எங்க வீட்டுப் பொம்பளைதான் முன்னாடி ஓடி நேராக்குவா, ஓடியாந்து மேல ஏறி அடுக்குவா, மறுபடி எறங்கி ஓடுவா. வரப்பு வந்தா மெஷினைக் கழட்டி, அந்தாண்ட போயி மாட்டணும். எங்க வயலெல்லாம் துண்டு துண்டா, வரப்புக்கு வரப்பு. அதுக்கு மெஷின் என்ன பண்ணும்?

அவ சொல்லுவா, "இதுக்கு டிப்பர்லயே தூக்கிப் போட்டுருக்கலாம்." நான் சொன்னேன், "புது மெஷின்னா கை பழகணும். நீ பழக மாட்டேங்கற."

செயின் அடிக்கடி சிக்கும். கட்டுக் கயிறு அவுந்து முள்ளுல சுத்திக்கும். ஏங்க, என்ன பாக்குறீங்க? கவரா? ஆமா, செயினுக்கு மேல ஒரு தகரக் கவர் இருந்துச்சு. அத நான்தான் கழட்டுனேன். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் போட்டுக் கழட்டி, சிக்கு எடுத்து, மறுபடி மாட்டிக்கிட்டு இருந்தா பொழுது போயிடும்ல. கவர் பத்திரமா இருக்குது, குடுத்துப்புடறேன். அதையெல்லாம் ஒரு குறையா எடுத்துக்காதீங்க.

கேளுங்க. மாசி மாசம். மாசியில மழை எவன் எதிர்பாப்பான்? பள்ளக்கால் வயல்ல கட்டெல்லாம் அப்படியே கெடக்குது. பொள்ளாச்சி லாரி வந்து ரோட்டுல நிக்குது. காலையில நல்ல வெயிலு, மத்தியானம் கெழக்கால கறுத்துக்கிட்டு வருது. தம்பி ஓடியாந்தான். "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல ஊத்தப் போவுது. அம்சவல்லி அக்கா கூட்டம் பக்கத்து வயல்லதான் இருக்குது, ஒரு சத்தம் குடுத்தா வந்துருவாங்க. கூப்புடவா?"

நான் கூப்புட வேணாம்னேன். ஏன்னு கேக்காதீங்க, ஒரு மனுசனுக்கு மானம் இருக்குதுல்ல? வேணாம்னு அனுப்புனவங்கள, மழை வருதுன்னு கையக் காட்டிக் கூப்புடவா? ஊரு சிரிக்காது? அவளும் கேட்டா. "கூப்புடுங்க, நான் வேணும்னா போயிச் சொல்றேன்"னா. "இஞ்ச வந்து வேலையப் பாரு"ன்னேன்.

ஓட்டுனேன். பள்ளமான எடம், கொஞ்சம் ஈரம். சக்கரம் சுத்தாம சறுக்குது. சக்கரம் சுத்தலன்னா செயின் ஏறாது. முன்னாடி கட்டு மேல கட்டு வந்து முட்டிக்கிட்டு நிக்குது. அவ எறங்கிப் போயி, சிக்குன கட்டப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தா. காத்து அடிக்க ஆரம்பிச்சுருச்சு, ஒண்ணு ரெண்டு தூத்தல் என் கையில விழுவுது. லாரிக்காரன் அங்கேருந்து ஆரன் அடிக்கிறான். நான் டிராக்டரை எடுத்தேன். கொஞ்சம் முன்னாடி எடுத்தா சக்கரம் பிடிமானத்துக்கு வரும்னுதான் எடுத்தேன். வேற எதுக்கும் இல்ல.

"இருங்க"ன்னு சொன்னாளாம். டிராக்டர் சத்தத்துல, காத்துல, எவனுக்குக் கேக்கும்? எனக்குக் கேக்கல. ரெண்டாவது தடவ "இருங்க, இருங்க"ன்னு கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னா. ஆனா அவ எப்பப் பாத்தாலும் இருங்க இருங்கன்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பா சார். அன்னைக்கு மட்டும் அது வேற மாதிரின்னு நான் எப்படிக் கண்டேன்?

சக்கரம் பிடிச்சுருச்சு. நான் நெனச்ச மாதிரியேதான் பிடிச்சுச்சு.

சோத்துக் கை. நடுவிரலும் பக்கத்து விரலும்.

தள்ளி நில்லுன்னு நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். செயின் பக்கத்துல கைய வைக்காதன்னு சேல்ஸ் பையனே சொல்லித்தான் குடுத்தான். கைய வச்சது யாரு?

தம்பி தன் வேட்டிய அவுத்து அவ கையில சுத்துனான். வெறும் டவுசரோடயே அவளத் தூக்கி பைக்குல உக்கார வச்சு, மன்னார்குடிக்குக் கொண்டுக்கிட்டுப் போனான். நான் போவல. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க, போவல போவலன்னு. ரெண்டு பேரும் போயிட்டா கட்டை யாரு பாக்குறது? தார்ப்பாய் போட ஒரு ஆளாவது வேணுமா இல்லையா? அந்தப் பொம்பளைங்க விசயம் தெரிஞ்சு பக்கத்து வயல்லேருந்து வரப்பு மேல ஓடியாந்தாங்க. சரி, நல்ல நேரத்துல வந்தாங்கன்னு நெனச்சேன். என்னாத்தப் பண்ணுனாங்க தெரியுமா? கொக்கியெல்லாம் கையிலதான் இருக்குது. ஒருத்தியாவது ஒரு கட்டத் தூக்கணுமே! கட்ட மிதிச்சுக்கிட்டு ரோட்டுக்கு ஓடி, நின்ன லாரிய எடுக்கச் சொல்லி, அந்த லாரியிலயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. கட்டு ஏத்த வந்த லாரி சார் அது! அந்த டிரைவரும் ஒண்ணும் சொல்லாம ஏத்திக்கிட்டுப் போறான்.

நான் ஒத்தையா நின்னேன். ஒரு தார்ப்பாய விரிச்சா இன்னொரு பக்கம் காத்து தூக்குது. மழை ஊத்துச்சு பாருங்க. கட்டெல்லாம் கண்ணு முன்னாடி கறுத்துப் போச்சு. அந்த வயல்ல நான் நின்ன நிலைய ஒருத்தன் வந்து பாக்கல. இன்னைய வரைக்கும் ஒருத்தரும் கேக்கல, நீ எப்படி நின்னன்னு.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில பெரிய கட்டு. அவ தூங்கல, முழிச்சுக்கிட்டுதான் இருந்தா. "வைக்கோல் அத்தனையும் போச்சு"ன்னேன். வேற என்ன பேசுறதுன்னு தெரியல, அதச் சொன்னேன். அவ என்னப் பாத்தா. மூஞ்சில கோவம் இல்ல சார். கோவப்பட்டாக்கூடப் பரவால்ல. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த ஆளப் பாக்குற மாதிரி பாத்தா. அம்சவல்லி அவளுக்கு இட்லிய பிட்டு ஊட்டிக்கிட்டு இருந்தா. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். உக்காருன்னு யாரும் சொல்லல.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

குறுவை அறுப்பு வந்துச்சு. ஒரு நாள் தம்பி கொட்டகை வாசல்ல புதுசா ஒரு வண்டி நிக்குது. பழைய லாரியோட அடிச்சட்டம், மேல பலகை, சின்னச் சின்னச் சக்கரம், பக்கத் தட்டு கெடையாது. முட்டிக்கு மேல கொஞ்சம் உசரம். மன்னார்குடியில ஒரு வெல்டிங் பட்டறையில அடிச்சிருக்கான். யாரு அளவு சொன்னது? வேற யாரு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொல்லியிருக்கா. எங்கிட்டக் கேட்டது, நான் முடியாதுன்னது, அத என் கூடப் பொறந்தவன்கிட்டக் கேட்டு வாங்கிக்கிட்டா. பொண்டாட்டி அளவு குடுக்குறா, தம்பி வண்டி அடிக்கிறான், நான் மனுசனா மாடா?

போயிக் கேட்டேன். "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அண்ணே, அண்ணி ஒங்கிட்டதான் மொதல்ல கேட்டாங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

இப்ப அந்த வண்டியிலதான் எல்லாரும் அள்ளுறாங்க. பொம்பளைங்க நடந்துக்கிட்டே கட்டத் தள்ளிவிடுறாங்க, அது பாட்டுக்குப் பலகையில ஏறுது. தூக்குறதே இல்ல. அவளுக்குக் கொக்கி புடிக்க முடியாதுல்ல, அதனால டிராக்டர் ஓட்டக் கத்துக்கிட்டா. ஆமா சார், டிராக்டர் ஓட்டுறா! தம்பி கத்துக் குடுத்தான். கியரை உள்ளங்கையால தள்ளுறா. மொதக் கியர்லயே ஊர்ந்துக்கிட்டுப் போவா. பின்னாடி யாராவது ஒருத்தி "இரு"ன்னு வாயத் தொறந்தா போதும், உடனே நிறுத்திப்புடுவா. எறங்கித் திரும்பிப் பாத்துட்டு, எல்லாரும் தள்ளி நின்னாதான் மறுபடி எடுப்பா. நூறு தடவ நிறுத்துவா. அப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டுனா டீசல் என்னாவுறது? வேலை தெரிஞ்சவன் அப்படி ஓட்டுவானா? நான் ஒரு நாள் ரோட்டுல நின்னு பாத்துட்டுச் சொன்னேன், "இப்படி ஓட்டுனா பொழுது விடிஞ்சிரும்"னு. பொம்பளைங்க எல்லாம் வேலைய நிறுத்திப்புட்டு என்னையே பாத்தாங்க. அவ மட்டும் பாக்கல. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

ஒரே வீட்டுலதான் இருக்கோம். சமைப்பா. கேட்டா பதில் சொல்லுவா. ஊருல கேட்டீங்கன்னா ஒரு சண்டை சச்சரவு இல்லைன்னுதான் சொல்லுவாங்க. சண்டை போட்டாத்தானே.

சரி, அத விடுங்க. நீங்க மெஷினைப் பாருங்க. உங்க பக்கம் வயலெல்லாம் பெரிசா இருக்குமே? வரப்பு கம்மியா இருக்குமே? இல்லையா? அங்கயும் துண்டு துண்டுதானா. பரவால்ல, கை பழகிட்டா ஒண்ணும் இல்ல. வெலை நீங்க கேக்குறதுதான், நான் ஒண்ணும் பிடிவாதம் பிடிக்கப் போறதில்ல. எனக்கு இந்த எடம் காலியானாப் போதும். அவ தெனம் கோழி தொறந்துவிட இந்த வழியாத்தான் போவணும். தார்ப்பாய் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் இது பக்கம் வராம சுத்திக்கிட்டுப் போவா.

என்ன சார், யோசிக்கிறீங்க? யோசிங்க யோசிங்க. வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணுமா? கேட்டுக்கங்க. யாரு அள்ளுறாங்க உங்க வயல்ல? உங்க வீட்டம்மாவா? ம்.

அந்த வண்டியா? எந்த வண்டி?

அதானே பாத்தேன். போன வாரம் வந்தவரும் இதையேதான் கேட்டாரு. அதுக்கு முந்தி பட்டுக்கோட்டையிலேருந்து ரெண்டு பேரு வந்தாங்க, அவங்களும் இந்த மெஷினை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "அந்தத் தாழ்வான வண்டியக் கொஞ்சம் பாக்கலாமா"ன்னாங்க. பலகை சார் அது! சக்கரம் வச்ச பலகை! அதுல பாக்குறதுக்கு என்ன இருக்குது?

சரி. போங்க. நான் ஏன் தடுக்கப் போறேன். இந்தத் தெரு முனையில வலப்பக்கம் திரும்புனீங்கன்னா, பச்சைத் தகரம் போட்ட கொட்டகை. தம்பி இருப்பான், இல்லாட்டி அவ இருப்பா. அளவெல்லாம் கேட்டா சொல்லுவா, மறைக்க மாட்டா. நான் அனுப்புனேன்னு சொல்ல வேணாம். சொன்னாலும் ஒண்ணும் இல்ல.

டீ குடுப்பா. வந்தவங்களுக்கு டீ குடுக்காம அனுப்ப மாட்டா. எடது கையாலதான் குடுப்பா, மரியாதை தெரியாதவன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சோத்துக் கையில சூடான தம்ளரு நிக்காது, நழுவிரும். அதனாலதான். வாங்கிக்கங்க, எல்லாரும் வாங்கிக்கிறாங்க.

உங்களுக்குக் கையில குடுப்பா. எனக்குதான் கீழ வச்சுட்டுப் போயிடறா.